ஷிப்ட் மாறும் நேரம்

மொட்டைமாடியில் நேற்று பெல்ட் அறுந்து
சக்கரம் நின்றுவிட்டது.
மூன்றாம் மாடி வார்டில்
ஏசி வாயெல்லாம் வியர்த்துச் சொட்டியது.
ஏற்காட்டில் மழையாம்;
சேலத்துக்கு வந்ததென்னவோ புழுக்கம் மட்டும்.

புது பெல்ட் மாட்டினேன்.
தேனடைத் துளைகளோடு மறுபடி சுற்றுகிறது.
வெளியேறும் காற்று
தன் குளிர்ச்சியை அதில் வைத்துவிட்டுப் போகிறது.
உள்ளே வரும் காற்று
ஈரத்தையும் சூட்டையும் இறக்கிவிட்டு
அதை எடுத்துக்கொள்கிறது.
ஒன்றையொன்று முகம் பார்ப்பதில்லை.
கரண்ட் பில் குறையும் என்கிறார் மேனேஜர்.

காலை ஆறேகால்.
அம்மாபேட்டை பஸ்ஸில் வெந்து வருகிறேன்.
இரவெல்லாம் வார்டில் நின்ற ஜெபசீலி
படியிறங்குகிறாள்.
என் பாக்கெட்டில் சுட்ட வீட்டுச் சாவியை
சில்லிட்ட விரல்கள் வாங்குகின்றன.
"குழம்பு இருக்கு."
"உப்பு பாத்தீங்களா?"
பதிலுக்கு நிற்கவில்லை.

உள்ளங்கைக் குளிர்
இரண்டாம் மாடி வரை இருந்தது.