வரவுப் பக்கம்

தோட்டத்துக் கணக்கு என் கையில்.
ஹிரோசாகியில் இரண்டு ஏக்கர் ஆப்பிள்,
ஏணி ஆறு, பனி வாரும் இயந்திரம் ஒன்று,
கூட்டுறவு வங்கியில் கடன்.
வந்தது இடப்பக்கம், போனது வலப்பக்கம்.
இரண்டிலும் சேராத எதையும்
எழுதிப் பழகாத கை இது.

கியோட்சுகு பதினோரு வருஷமாக
விடியுமுன் எழுந்து மடத்துக்குப் போகிறான்.
நாற்பது நிமிடம்
சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு வருகிறான்.

முதல் வருஷம் கேட்டேன்: என்ன கண்டாய்?
"சுவரை" என்றான்.
மூன்றாம் வருஷம் கேட்டேன்.
"சுவரில் ஒரு விரிசல்."
ஏழாம் வருஷம் கேட்டபோது
"பூசிவிட்டார்கள்" என்றான்
கொஞ்சம் வருத்தமாக.

சாந்தம் வரும் என்றார்கள்.
ஜனவரி தோறும் பக்கத்து ககிசாகி
தன் வாசல் பனியை எங்கள் வேலிமேல் வீசுவான்.
அன்றைக்கு இவன் வாயில் வருவதை
எந்தப் புத்தரும் கேட்டுக்கொண்டு
கண்மூடி இருக்க முடியாது.

மருந்துக்கடை ஒரியே இவனோடு உட்காருகிறவள்.
தனக்கு ரத்த அழுத்தம் பன்னிரண்டு புள்ளி இறங்கியதாக
அட்டையில் குறித்து வைத்திருக்கிறாள்.
இவனுக்கு இறங்கவில்லை.
"பலனை எதிர்பாராமல் உட்காருவதுதான் பலன்" என்றாள்.
இப்படி ஒரு ரசீதை
எந்த வங்கியில் நீட்டுவேன்?

பறிக்கப் பத்து நாள் இருந்தபோது
புயல் வந்தது.
காலையில் மரமெல்லாம் வெறுமை, தரையெல்லாம் சிவப்பு.
இன்று தெரிந்துவிடும் என்று
கதவோரம் நின்று அவன் முகத்தைப் பார்த்தேன்.
பதினோரு வருஷத்து முதல், வட்டியோடு
இன்றாவது வெளியே வரட்டும்.
மரப்பெட்டி ஒன்றை ஓங்கி உதைத்தான்.
கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு
ஒற்றைக்காலில் மூன்று மரம் தாண்டி நொண்டினான்.
பிறகு இருவரும் குனிந்து பொறுக்கினோம்.
சாறு பிழிகிறவர்கள் கால் விலைக்கு எடுத்தார்கள்.
அதை எழுதினேன். இடப்பக்கம்.

மடக்கி மடக்கி முழங்கால் போயிற்று.
அறுவை, ஆஸ்பத்திரி, ஊன்றுகோல்.
அதையும் எழுதினேன், வலப்பக்கம்,
கொஞ்சம் அழுத்தியே.

அந்தக் குளிர்காலம்
விடியுமுன் அடுப்படிக்கு வந்தால்
அங்கே ஒரு ஆள்.
சாக்ஸ் எங்கே என்கிறான்,
வானிலை என்ன சொல்கிறது என்கிறான்,
சும்மா இருமுகிறான்.
ஏன் இவ்வளவு கோபம் வருகிறது எனக்கு?
என் வீட்டில் யாரோ குடிவந்ததுபோல்.

நான்காம் நாள்தான் புரிந்தது.

இத்தனை வருஷமும் அவன் கதவைச் சாத்தியதும்
நான் தேநீரோடு ஜன்னலருகே உட்காருவேன்.
மண்ணெண்ணெய் ஹீட்டரின் வாசனை.
இருட்டிலிருந்து இவாகி மலை
வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.
யாரும் கூப்பிடமாட்டார்கள்.
கடன் எவ்வளவு என்பதுகூட
அப்போது ஞாபகம் இருக்காது.

கால்குலேட்டரை எடுத்தேன்.
நாற்பது நிமிடம், பதினோரு வருஷம்:
நூற்றுப் பதினோரு நாள், சில்லறையாக அரை நாள்.
நட்டவன் அங்கே, பறித்தவள் இங்கே.
வரவுப் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்.
யார் பெயரில் என்று தெரியாமல்
அழித்தேன்.
தாளைச் சாய்த்துப் பிடித்தால்
தடம் இன்னும் தெரியும்.

இனி காலை மடக்கவே கூடாது என்றார் டாக்டர்.
மடத்துக்கு நானே போன் செய்தேன்.
நாற்காலி உண்டாம்.
நாற்காலியும் சுவரைத்தான் பார்க்குமாம்.

மார்ச் மாதம், உருகாத பனியில் காரோட்டி
வாசலில் கொண்டுபோய் இறக்கினேன்.
ஊன்றுகோலை வாங்கிக்கொண்டே கேட்டான்:
"வந்ததுதான் வந்தாய், நீயும் வாயேன்?"
"எனக்கு வேலை கிடக்கிறது" என்றேன்.

வேகமாக ஓட்டினேன்.
ஏற்கெனவே ஆறு நிமிடம் போய்விட்டது.