எங்கேயும் போகாத பைப்பு

எட்டு வீட்டுக்கும் ஒரே குழாய்.
மொட்டைமாடித் தொட்டியில் தொடங்கி
எங்கள் சமையலறைச் சுவரோரமாக இறங்கிப் போகிறது.
மூன்று மாதமாக அது
டம் என்றது.
டம், டடம், டம்.
போதாதென்று கடைசியில்
நாக்கைச் சப்புக்கொட்டுவது போல ஒரு டுக்.
விடியற்காலை நாலரை மணிக்கு.

கன்டெய்னர் யார்டில் சீல் நம்பர் எழுதுகிறவள் நான்.
இரண்டாம் ஷிப்ட் முடிந்து
புது வண்ணாரப்பேட்டை வந்து படுக்க ஒன்றரை ஆகும்.
எழுப்புவது யாரென்று யோசிக்கவே இல்லை.
மேல்வீட்டு பெனடிக்டா.
அவள் போர்வை என் கொடியில் சொட்டிய அன்று
நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன்.
இரண்டு வார்த்தை.

நானும் சும்மா இருக்கவில்லை.
தோசைத் திருப்பியால் குழாயில்
மூன்று தட்டு.
பதிலுக்கு மேலிருந்து நான்கு.

தை மாதக் கடைசியில் ஒருநாள்
பால் பாக்கெட் எடுக்க இருவரும்
ஒரே நேரத்தில் படிக்கட்டில்.
முகத்தை அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
அப்போது சுவருக்குள்
டம்.

என் கையைப் பார்த்தாள்.
அவள் கையை நான் பார்த்தேன்.
"அப்போ நீ இல்லியா?"
"நீயும் இல்லியா?"

குழாயில் காதை வைத்து வைத்து இறங்கினோம்.
கீழ்வீட்டில் இர்ஷாத்,
காசிமேட்டில் ஐஸ் ஏற்றுகிறவன்,
வேலைக்குக் கிளம்பப் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.
புதிதாக மாட்டிய லீவர் குழாய்,
ஒரு விரலால் தட்டினால் மூடிக்கொள்ளும்.
பெருமையாக மூடிக் காட்டினான்.
டம்.
மெதுவாக மூடச் சொன்னோம்.
சத்தமே இல்லை.
நுரை வாயோடு திருதிருவென்று விழித்தான்.

யார்டில் பம்ப் ஹவுஸ் பார்க்கும் ஏகவல்லிதான் விளக்கினாள்.
கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் திடீரென நின்றால்
கடைசிப் பெட்டிவரை
ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொள்ளுமே, அதுதான்.
முன்னால் போன தண்ணீருக்குக் கதவு சாத்தியது தெரியும்,
பின்னால் வருவதற்குத் தெரியாது.
அதோடு, உப்புக்காற்று தின்று
சுவரில் மூன்று கிளாம்ப் இற்றுப்போயிருக்க,
குழாய் பாவம் எங்கே போய் இடிக்கும்?

கல்மண்டபத்தில் ஹார்டுவேர் கடைக்காரர் கேட்டார்,
"ஒரு பக்கம் மூடி போட்ட பைப்பா?
எங்கேயும் போகாத பைப்பு எதுக்கும்மா?"
காற்று வைக்க என்றேன்.
கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

இர்ஷாத் வீட்டுக் குழாய்க்கு முன்னால்
ஒரு டீ போட்டு,
ஒன்றரை அடி பைப்பை நெட்டுக்குத்தாக நிறுத்தித்
தலையில் மூடி.
உள்ளே வெறும் காற்று.
ஓடிவரும் தண்ணீர் அதில் போய் முட்டிக்கொள்ளும்,
காற்று கொஞ்சம் ஒடுங்கி, மறுபடி விரிந்து கொடுக்கும்.
பழைய சைக்கிள் டியூபைக் கத்தரித்துக்
கிளாம்புக்கு அடியில் செருகியது பெனடிக்டாவின் யோசனை.
மொத்தம் நானூற்றுப் பத்து ரூபாய்.
இர்ஷாத் பங்கு இன்னும் பாக்கி.

முதல் நாள் நாலரைக்குத் தானாக விழித்தேன்.
குழாய்க்குள் தண்ணீர்
சேலை மடிப்பு கலைவது போலப் போயிற்று.
ரோட்டில் டிரெய்லர் ஒன்று பிரேக்கைப் புஸ்ஸென்று விட்டது.
அவ்வளவுதான். தூக்கம் வரவில்லை.

காற்றும் நாளாக நாளாகத் தண்ணீரில் கரைந்துவிடுமாம்.
இதை ஏகவல்லி பிற்பாடுதான் சொன்னாள்.
நான்கு மாதத்துக்கு ஒருமுறை
மேலே வால்வை அடைத்து,
எட்டு வீட்டுக் குழாயையும் திறந்துவைத்து,
கீழே கடைசிச் சொட்டுவரை வடியவிட வேண்டும்.
அப்போதுதான் அந்தப் பைப்பு மறுபடி காலியாகும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.
ஐந்தாம் நம்பர்க்காரர் சாவி தர மறுத்து,
பிறகு தந்தார்.
இர்ஷாத் வாளியோடு கீழே காத்திருக்கிறான்.
வால்வை அடைத்தாகிவிட்டது என்று சொல்ல
மொட்டைமாடியில் பெனடிக்டா
குழாயில் நான்கு தட்டு தட்டுகிறாள்.

நான் தோசைத் திருப்பியைத் தேடுகிறேன்.