ஆயிரத்தில் பதினொன்று

கோயமுத்தூர் கடைசி பஸ்ஸில்
டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்தது பார்சல்.
உள்ளே மூன்று உறை:
ஒன்பது, பத்து, பதினொன்று.
ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டு
அதில் எத்தனை கூறு என்று கணக்கு.
உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு
கண்டக்டர் சொன்னார்,
"மூணும் ஒரே கம்பிதானேம்மா."

எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.
கேத்தியில் ஊசி ஆலையில் எட்டு வருடம்
மைக்ரோமீட்டரின் வாயில் ஊசியை வைத்து
திருகி, படித்து, தள்ளுகிறவள்.
ஒரு கூறு தடித்தால் சிவப்புத் தொட்டி,
ஒரு கூறு மெலிந்தால் அதே தொட்டி.
உனக்கு எது பிடிக்கும் என்று
அங்கே யாரும் கேட்டதில்லை.

எல்லநள்ளி அறையில், ஷிப்ட் முடிந்து,
முதலில் ஒன்பதைப் பூட்டினேன்.
வளைத்த இடத்துக்கெல்லாம் வந்தது.
ஆனால் என்னுடையது அழுத்துகிற கை.
கார்டு பிடித்ததுமே
சுருதி மேலே நழுவிப்போனது,
சொல்லி முடிக்குமுன் சரி என்கிறவர்களைப் போல.

பத்து, எல்லோரும் போடுவது.
பத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.
குறை சொல்ல ஒன்றுமில்லாததை வைத்துக்கொண்டு
இரண்டு வாரம் வாசித்தேன்.

போஜன் எங்கள் பேஸ்.
பகலில் காரட் கழுவும் மிஷின் ஓட்டுகிறான்.
அவன் விரலுக்கு உலகில் எல்லாமே மெல்லிசு.
"பதினொன்னு போடு," என்றான்.
போட்டேன்.
கிட்டாரின் கழுத்து முன்னால் குனிந்தது.
ஆலன் சாவியால் கால் சுற்று,
அரை மணி நேரம் காத்து, இன்னும் கொஞ்சம்.
மூன்றாம் கம்பி வளைய மாட்டேன் என்றது,
தள்ளத் தள்ளத் திரும்பி வந்து நின்றது.
மறுநாள் ஆலையில்
ஊசி கையில் இருப்பதே விரலுக்குத் தெரியவில்லை.
கழற்றிச் சுருட்டி,
ஊசி மடிக்கிற எண்ணெய்த் தாளில் பொதிந்தேன்.
இந்த மூடுபனியில் உறை மட்டும் போதாது,
ஒரே வாரத்தில் துரு பிடிக்கும்.

பிறகு டிசம்பர்.
அருவங்காட்டில் கல்யாண ரிசப்ஷனுக்கு நான்கு நாள்.
பிரமிளா பாடும்போது
மேல் சுரம் வருகிற இடத்தில்
மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
மறுபடி அதே இடம், மறுபடி தள்ளினாள்.
ஜெரால்டு மட்டும் டிரம்ஸை நிறுத்தி
கையுறையைத் தேடுவதுபோல் பாவனை செய்தான்.

குளிரில் கம்பி சுருங்கும், சுருதி ஏறும்.
குளிரில் தொண்டை கட்டும், சுருதி இறங்கும்.
இத்தனை நாள்
என் விரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு ஆறு கம்பியையும்
அரை ஸ்டெப் இறக்கினேன்.
பத்து தொய்ந்தது,
ஃப்ரெட்டில் பட்டு ஈயாக இரைந்தது.
எண்ணெய்த் தாளைப் பிரித்தேன்.
பதினொன்று, அரை ஸ்டெப் கீழே:
அந்த முரட்டுக் கம்பி
பிடிவாதத்தை விட்டிருந்தது.
மூன்றாம் கம்பியைத் தள்ளினேன், போனது.
போக வேண்டிய இடம் வரை போய்
அங்கேயே நின்றது.

அடுத்த ஒத்திகையில்
போஜன் என் கையைப் பார்த்தான்,
எதுவும் கேட்காமல் தன் நான்கையும் இறக்கினான்.
பிரமிளா பாடினாள்.
மேல் சுரம் வந்தது, மைக் நகரவில்லை.
"மிளகுக் கஷாயம் வேலை செய்யுது," என்றாள்.
ஆமாம் என்றேன்.
அவளுக்குத் தெரிந்திருக்கலாம்.
காது உள்ளவள்தானே.

ரிசப்ஷனில் மேடை விளக்கின் சூட்டில்
கம்பிகள் இளகின.
இரண்டு பாட்டுக்கு ஒருமுறை திருகினேன்.
மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து
ஸ்பீக்கரைக் குறைக்கச் சொன்னார்.
பிரியாணி நன்றாக இருந்தது.

ஒன்பதும் பத்தும் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன.
ஏப்ரலில் தொண்டை திறந்தால் பார்க்கலாம்.

திங்கட்கிழமை ஆலையில்
ஒரு ஊசி, ஒரு கூறு கூடுதல்.
இரண்டாம் முறை அளந்தேன்.
கூடுதல்தான்.
சிவப்புத் தொட்டியில் போட்டேன்.