மூன்றாவது ரீல்

வார்மின்ஸ்டர் கொட்டகையில் அந்த வாரம்
ஒரே பாட்டை ராத்திரிக்குப் பதினோரு தரம் வாசித்தேன்.
படமே அந்தப் பாட்டின் வயிற்றில் பிறந்ததுதான்:
"ஆலைக் குளத்தில் நிலா விழுந்ததே,
அள்ளப் போனவள் மீளவில்லையே."
ஆலைக்காரன் மகள், பண்ணை வீட்டுப் பிள்ளை,
மழையில் சாத்திய கதவு,
அப்புறம் குளம்.
கதை எங்கே போய் முடியுமென்று
சீட்டுக் கிழிக்கிற பையனுக்கும் தெரியும்.
தெரிந்தே அழுவதற்குத்தான் ஒன்பது பென்ஸ்.

மூன்றாவது ரீலில் குளக்கரையில் நிற்பாள்.
திரை முழுக்க முகம்.
உதடு அசையும். கண்ணீர் மோவாய்வரை இறங்கும்.
கொட்டகை மொத்தமும் என் பியானோவோடு சேர்ந்து பாடும்,
கசாப்புக்கடை ஸ்னூக் மூக்கைச் சிந்திக்கொண்டே.

அந்த இடத்தில் முன்வரிசையில் ஒருவர் சிரிப்பார்.
சேணம் தைக்கிற ஹிபர்ட்.
நாலு வருஷத்துக்கு முன் பெல்ஜியத்தில் ஒரு குண்டு
இரண்டு காதையும் வைத்துக்கொண்டு
ஆளைத் திருப்பி அனுப்பியிருந்தது.
தன் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று அவருக்குத் தெரியாது.
திங்கள் சிரித்தார். செவ்வாய் சிரித்தார்.
புதனன்று மேனேஜர் கையைப் பிடித்து வெளியே விட்டார்.
வியாழன் மறுபடி சீட்டு வாங்கி வந்து சிரித்தார்.

வெள்ளியன்று படம் விட்டபின்
சீட்டின் முதுகில் பென்சிலால் எழுதி நீட்டினேன்:
என்ன சிரிப்பு?

"அந்தப் பொண்ணு பாடுறது நீங்க பாடுற பாட்டில்லம்மா,"
தெருவுக்கே கேட்கிற குரல்.
"பதுங்குகுழியில நாங்க பாடினது.
சகதிக் குழியில் சார்ஜென்ட் விழுந்தாரே,
ரம்மு ஜாடியும் கூட விழுந்ததே...
அடுத்த அடி உங்ககிட்ட சொல்ற மாதிரி இல்ல."

மெட்டு ஒன்றுதான்.
நானூறு பேரில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.
வாசித்த எனக்கும்.

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.
லண்டன் நடிகை, இருபத்தைந்து இருக்கலாம்.
பெண்கள் எதிரே அதை எவனும் பாடியிருக்க மாட்டான்.
விடுப்பில் வந்த எவனோ ஒருத்தன்
காதோடு வாய் வைத்து
அவளுக்கு மட்டும் சொல்லியிருக்க வேண்டும்.
கண்ணீருக்கு வெங்காயம் காட்டினார்களாம்,
பத்திரிகையில் அப்படித்தான் போட்டிருந்தது.

சனிக்கிழமை, கடைசி ஆட்டம்.
ஒரு சுரமும் மாற்றவில்லை.
கொட்டகை நிலாவைப் பாடியது.
பியானோ விளக்கு முகத்தில் விழும்படி
அவர் பக்கம் திரும்பி
சத்தமில்லாமல் வாயசைத்தேன்:
சகதி, சார்ஜென்ட், ரம்மு ஜாடி.

அடுத்த அடி எனக்குத் தெரியாது.
என் வாய் அங்கே நின்றுவிட,
அவள் மட்டும் மேலே பாடிக்கொண்டு போனாள்.
ஹிபர்ட் தொப்பியைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டார்.