எட்டின் நடுக்கோடு

ஆறு மணிக்கு விலை வரும்.
யாரும் கொண்டுவருவதில்லை.
ராத்திரி எங்கோ முடிவாகி
இயந்திரத்துக்குள் தானாக ஏறி உட்கார்ந்திருக்கும்.
அதே எண்ணைச் சாலையோரப் பலகையில் மாற்றுவது
என் வேலை.
சூளகிரி தாண்டி, ஓசூர் போகிற பக்கம்,
இடது கைப்புறம் எங்கள் பங்க்.

பதினொரு காசு ஏறும். ஆறு காசு இறங்கும்.
என் கல்லாப்பெட்டி இதுவரை
ஒரு காசைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

எதிர்ப்பக்கம் இன்னொரு கம்பெனி.
சட்டை நிறம் வேறு. விலையில் நாலு காசு வேறு.
இதற்குப் பெயர் போட்டி என்று
கிருஷ்ணகிரி ஓட்டலில் கூட்டம் கூட்டி
படம் போட்டுக் காட்டினார்கள்.
பிரியாணி நன்றாக இருந்தது.

தொப்பூர் ஏற்றம் குடித்த டீசலை நினைத்துப் புலம்பிக்கொண்டே
தீர்த்தகிரி லாரியை ஓரங்கட்டுவான்.
"ஆயிரத்துக்கு மட்டும் போடு, சாக்கம்மா.
அத்திப்பள்ளி தாண்டினாப் போதும்."
அங்கே வேறு மாநிலம், வேறு வரி,
லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம்.
டேங்கை அங்கே ரொப்பிக்கொண்டு திரும்பும்போது
எனக்கு ஒரு ஹாரன் மட்டும்.
கோபமில்லை.
பதினாலு சக்கரம் இருந்தால் நானும் அப்படித்தான்.
ரோஜாப் பண்ணைக்கு எக்ஸெல்லில் போகிற நாகரத்னா
அறுபது ரூபாய்க்குப் போடுவாள்.
மாநிலம் தாண்டிப் போய்வர
அந்த அறுபதும் செலவாகிவிடும்.

கொத்தமல்லி மண்டியில் ஏலம் முடித்து
கெம்பண்ணா வந்தார்,
வண்டியில் பாதிக் கட்டு விற்காமல்.
விடிகாலையில் ஒரு விலை,
இட்லி வேகிறதுக்குள் அதில் கால்வாசி.
"உங்க எண்ணெய்க்கு ஏலம் எங்கம்மா நடக்குது?"

சொன்னேன்.
கடல் தாண்டி. பீப்பாய்க் கணக்கில். டாலரில்.
அதன்மேல் டெல்லி வரி,
அதன்மேல் சென்னை வரி,
நடுவில் எங்கள் முதலாளிக்கு ஒரு துளி கமிஷன்.
விரல் மடக்கிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.
"அப்ப பாதி விலை ஏலத்துக்கே வரலையே."

உலகத்தில் விலை விழுந்தப்ப
இங்கே ஏன் விழவில்லை என்றார்.
விழுந்தது கெம்பண்ணா.
தரையைத் தொடுவதற்குள்
வரி வந்து ஏந்திக்கொண்டது.

கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்தார்.
"என் கொத்தமல்லியை ஏந்தவும்
ஒரு வரி போடச் சொல்லேன்."

பிறகு தேர்தல் வந்தது.
ஏழு வாரம் ஆறு மணிக்கு எழுந்து
அதே எண்ணையே பார்த்தேன்.
விலையைச் சந்தைதான் நிர்ணயிக்கிறது என்பார்கள்.
சந்தைக்கும் நடத்தை விதி இருக்கும்போல.

அசையாமல் எரிந்து எரிந்துதானோ என்னவோ,
ஒரு புதன்கிழமை
பெட்ரோல் எட்டின் நடுக்கோடு அணைந்துபோனது.
தொண்ணூற்றெட்டு, தொண்ணூறு ஆனது.

நான் பார்ப்பதற்குள் சாலை பார்த்துவிட்டது.
பைக், ஆட்டோ, பள்ளிக்கூட வேன்,
போன வாரம் போட்ட டேங்க் தீராதவர்கள்,
தண்ணீர்க் கேனைக் கவிழ்த்து உதறிக்கொண்டு ஒருவர்.
கேனில் தரமாட்டோம் என்றால்
"குறைஞ்ச அன்னிக்கும் ரூல்ஸா?" என்றார்.
நாகரத்னா முதல் தடவையாக
"ஃபுல்" என்று சொன்னாள்.
எதிர்ப் பங்க்கிலிருந்து மேனேஜர்
கையை நெற்றியில் வைத்து எங்கள் பலகையைப் பார்த்தார்.
யாருக்கோ போன் செய்தார்.

கத்திச் சொன்னேன், தப்பு, பல்பு என்று.
முறைத்தார்கள். ஆனாலும் பலரும்
வந்தது வந்தாச்சு என்று
தொண்ணூற்றெட்டுக்கே போட்டுக்கொண்டு போனார்கள்.
நாகரத்னா மட்டும்
அறுபதிலேயே நிறுத்தச் சொன்னாள்.

கோணிச் சாக்கோடு ஏணியில் ஏறுகிறேன்,
பலகையை மூட.
இடுப்பில் போன் அதிர்கிறது.
அத்திப்பள்ளியிலிருந்து தீர்த்தகிரி:
"எட்டு ரூபா இறங்கிடுச்சாமே!
டீசலுமா? இங்க போடாம வந்துடவா?"

எண்ணில் ஒரு கோடு எரியவில்லை, அவ்வளவுதான் என்றேன்.

லாரிகளின் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம்.
பிறகு,
"அதை எதுக்குச் சரி பண்றே, விடேன்" என்றான்.