இடம்புரி

வட்டக் கண்ணாடி தேய்ப்பது சுலபம் என்பாள் டெல்பின்.
ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நடுவில் பொடி தூவி
டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடந்தால் போதும்.
கை செய்யும் பிழையைக் கால் அழித்துவிடும்.
கோளம் தானாக வந்து உட்காரும்,
கூப்பிடாத விருந்தாளி மாதிரி.

எங்களுடையதற்கு அப்படி யாரும் வரமாட்டார்கள்.
அச்சு கிடையாது. மையம் என்று தொட ஒரு புள்ளி கிடையாது.
ஒரு ஓரம் தாழ்ந்து, மறு ஓரம் முறுக்கிக்கொண்டு
வெயிலில் போட்ட அப்பளம் எழும்பிய வாக்கில்.
ஆனால் அந்த வாக்கு
மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும்
கணக்கில் எழுதப்பட்டிருந்தது.
எழுதியவன் நான்.

எதற்கு இந்தப் பாடு?
சாதாரணத் தொலைநோக்கியில் சின்னக் கண்ணாடி ஒன்று
வருகிற வெளிச்சத்தின் நடுவிலேயே நிற்கும்,
கொட்டகையில் முன்வரிசைத் தலை போல.
அதைத் தாங்கும் கம்பிகள்
ஒவ்வொரு விண்மீனுக்கும் நான்கு முள் முளைக்க வைக்கும்.
மூன்று கண்ணாடியையும் ஒதுங்கி நிற்கச் சொன்னோம்.
ஒதுங்கி நின்றால் கோணலாகத்தான் பார்க்க முடியும்;
அதற்கு ஈடு, முகத்திலேயே ஒரு கோணல்.

மணவாளக்குறிச்சியில் அவள் வீட்டுக் கார் ஷெட்.
கார்னெட் பொடி இந்தக் கடற்கரை மணலில் பிரித்தது.
மெருகுக்கு வாங்கும் சீரியமும் ஒருவேளை
இங்கிருந்து கிளம்பி எங்கெல்லாமோ சுற்றி
டப்பாவில் திரும்பி வந்ததாக இருக்கலாம்.
"நம்ம மண்ண நமக்கே விக்கான் பாத்தியா."

பகலில் நாகர்கோவில் கண்ணாடிக் கடையில்
அடுத்தவர் கண்ணுக்கு வில்லை தேய்ப்பவள்
ராத்திரி, நடக்காமல், ஒரே இடத்தில் நின்றாள்.
ஐந்து ரூபாய்த் துட்டு அகலத்தில் குங்கிலியத் தக்கை.
நான் அச்சடித்துக் கொடுத்த படத்தில்
சிவப்புள்ள இடத்தில் அறுபது இழுப்பு,
மஞ்சளில் பதினேழு,
நீலத்தைத் தொடவே கூடாது.
பழைய டிவித் திரையில் கோடுகளை ஓடவிட்டு
கண்ணாடிக்குள் அவை வளைவதைப் படம் பிடித்து
மறுபடி கணக்கு, மறுபடி இழுப்பு. பதினொரு வாரம்.

பன்னிரண்டாவதில் ஒரு செவ்வாய்க்கிழமை, கரண்ட் இல்லை.
டார்ச் அடித்து என் பழைய தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கணக்கு, கண்ணாடியை முதுகுப்பக்கமிருந்து பார்த்தது.
படத்தை முகத்துப்பக்கம் ஒட்டியிருந்தோம்.
வலது இடதாக.
சவரம் செய்கிற எவனுக்கும் தெரிந்த சங்கதி.

சொல்ல இரண்டு நாள் ஆனது.
அவள் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு மறுபடி கழுவினாள்.
நகக்கண்ணில் ரோஸ் பொடி போகவில்லை.
"மத்த ரெண்டையும் இன்னும் தொடல்லல்லா?"
"இல்லை."
"அப்போ அதுகளயும் அங்கோட்டுத் திருப்பு மக்கா.
பெட்டியே எடத்தோட்டு மடங்கட்டு.
வலம்புரிச் சங்கு மட்டுமா கெடக்கு கடல்ல?"

ராத்திரி ஒரு குறியை மாற்றி ஓட்டினேன்.
புள்ளி, புள்ளியாகவே விழுந்தது.
மன்னிப்புக் கேட்கவில்லை என்பது
விடிந்த பிறகுதான் நினைவு வந்தது.

அடுத்த மே. மொட்டைமாடி, தெற்கு.
முட்டம் கலங்கரை விளக்கு சுற்றி வந்து
மூஞ்சியில் அறைந்துவிட்டுப் போகும்;
அந்த இடைவெளிகளில் பார்த்தோம்.
கடலுக்குச் சற்று மேலே ஆல்பா சென்டாரி
இரண்டாகப் பிரிந்து, முள்ளில்லாமல்.
இரண்டுக்கும் ஒரே பக்கம் லேசாய் ஒரு வால்.

"அது எவ்விடத்துப் பிழை?"
"மூணாவது கண்ணாடி. மேல்மூலை."
படத்தைக் கேட்டு இருட்டில் கை நீட்டினாள்.
கொடுக்கப் போனேன்.
"மொதல்ல எந்தப் பக்கம்னு எழுது."