காதில் டிக்கெட்

ஜனவரியிலேயே அட்டவணை போட்டுவிட்டேன்.
ஆறு நாள், பத்தொன்பது இடம்,
மதியத் தூக்கத்துக்கு மஞ்சள் நிறம்.
திபிலீசியில் இறங்கிய மறுநாள்
மஞ்சள் மட்டும்தான் நடந்தது,
அதுவும் யெப்பேக்கு மட்டும்.

எங்கள் டென்மார்க்கில்
மலை என்று நாங்கள் சொல்வதை
இங்கே வாசற்படி என்பார்கள்.
தள்ளுவண்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு
பெத்லேமி படிகளில் ஏறினான் யெப்பே,
வெள்ளத்தில் அரிசி மூட்டை கடத்துகிறவன் மாதிரி.
பின்னால் என் இடுப்பில் அன்டன்,
ஒற்றைச் செருப்போடு.
இன்னொன்று எந்தப் படியில் விழுந்தது என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.
கேட்டால் சண்டை வரும்.
கேட்காமலே வந்தது.

கீழே கந்தகக் குளியல் கூடங்கள் பக்கம்
காற்று முட்டையாய் நாறியபோது
"நான் விடலை" என்று
முன்ஜாமீன் வாங்கினாள் சிக்னே.

கோட்டையைக் கட்டியது யார், இடித்தது யார் என்று
நான் உரக்க வாசித்துக்கொண்டிருக்க
அவள் கண்டுபிடித்தது நாயை.

பழுப்பு நாய். கொழுத்த நாய்.
நடுப்பாதையில் கிடந்தது,
பாதை தன் பேரில் பத்திரமாகியிருப்பது போல.
இடது காதில் பச்சை வில்லை,
வில்லையில் எண்.
"அம்மா, இது டிக்கெட் வாங்கியிருக்கு."

தடுப்பூசி, கருத்தடை, நகராட்சி என்று
விளக்க வாய் திறந்தேன்.
அதற்குள் ரோப் கார் சாவடியின் எத்தேரி
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தலையசைத்தாள்:
"ஆமாம். பெயர் போம்போரா.
சீசன் டிக்கெட்."

அவ்வளவுதான்.
சிக்னே தன் சீட்டை நாலாய் மடித்தாள்.
முழங்காலுக்கென்று கொண்டுவந்த பிளாஸ்டரால்
இடது காதில் ஒட்டிக்கொண்டாள்.

அன்றைக்குப் பிறகு வழி சொன்னது போம்போரா.
அட்டவணையில் இல்லாத ஒரு நிலவறை ரொட்டிக்கடை;
ஷால்வா என்கிற ஆள்
அன்டனை இடுப்போடு பிடித்துத் தூக்கி
மண் அடுப்பின் வயிற்றைக் காட்டினான்.
அட்டவணையில் இல்லாத ஒரு முற்றம்;
மாடியிலிருந்து ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கத்தினாள்.
திட்டுகிறாள் என்றே நினைத்தோம்.
நாயைக் கூப்பிட்டுக்கொண்டு நகரப் பார்த்தோம்.
கயிற்றில் ஒரு கூடை இறங்கியது.
உள்ளே சின்னக் காலுறை,
ஒன்றே ஒன்று.

மெத்தேகி பாலத்தின் முனையில்
போம்போரா உட்கார்ந்துவிட்டது.
அந்தப் பக்கம் ஒரு கறுப்பு நாய்,
அதற்கும் காதில் வில்லை, மஞ்சள்.
சிக்னே கூப்பிட்டாள், கெஞ்சினாள்,
ரொட்டியை நீட்டினாள்.
ரொட்டியைத் தின்றது. பாலத்தைத் தொடவில்லை.
நடுப்பாலத்தில் நின்று அவள் அழுத அழுகையில்
ஆற்றை யாருமே பார்க்கவில்லை.
ஆற்றுக்கு இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தேன்.

"சீசன் டிக்கெட்தான். ஆனா இந்தக் கரைக்கு மட்டும்"
என்றான் யெப்பே, அவளிடம்.
சிரித்தது நான்.
மூன்று நாளில் முதல் தடவை
அவன் பேச்சுக்கு.

விடிகாலை நாலு மணி, விமான நிலையம்.
கூண்டுக்குள் ஒரு அதிகாரி,
சட்டையில் நூக்ரி என்று பெயர்,
முகத்தில் எதுவும் எழுதியில்லை.
என்னுடையது, டக்.
யெப்பேயுடையது, டக்.
தோளில் தூங்கும் அன்டனுடையது, டக்.
சிக்னே எம்பி நின்று
பிளாஸ்டர் மூன்று முறை மாற்றிய காதை
கண்ணாடி இடுக்கில் நீட்டினாள்.

அவர் வரிசையைப் பார்த்தார்.
பாஸ்போர்ட் படத்தைப் பார்த்தார்.
காதைப் பார்த்தார்.
முத்திரையை எடுத்து
காதுக்கு ஒரு விரல் தள்ளி
வெறும் காற்றில் குத்தினார்.
வாயாலேயே டக்.
"அடுத்தது."

மை காயட்டும் என்று
தலையைச் சாய்த்தபடியே நடந்தாள்,
பன்னிரண்டாம் வாயில் வரைக்கும்.